ஜன்னல் விளக்கும் இரண்டு பொங்கலும்

எதிர்வீட்டு அம்மம்மா எங்கள் கதவை முதன்முதலாகத் தட்டியது 1992 டிசம்பரில். எனக்கு அப்போது நோர்வேஜிய மொழியில் ஐம்பது சொல்கூடத் தெரியாது. அவர் எங்கள் ஜன்னலைக் கைகாட்டி என்னவோ கேட்டார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கேட்டார். மீன் ஆலையில் வேலை முடித்து வந்த கணவர்தான் விளங்கப்படுத்தினார். "வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ எண்டு கேக்கிறா."

எல்லோரும் சுகமாகத்தான் இருந்தோம். குளிருக்குப் பயந்து தடித்த திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் டிசம்பர் மாதம் ஒரு ஜன்னல் இருண்டு கிடந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் பின்னேரம் அவர் தன் வீட்டிலிருந்த ஒரு விளக்கைக் கொண்டுவந்து தந்தார். கூரைபோல இருபுறமும் சரிந்த மரச்சட்டம், அதன்மேல் மெழுகுதிரி மாதிரி ஏழு சிறிய பல்புகள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்தைய நான்கு வாரமும் வீட்டுக்கு வீடு ஜன்னலில் இருப்பது இதுதான். திரைச்சீலைக்கு உள்ளே வைக்காதே, கண்ணாடியை ஒட்டி, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வை என்று கையால் செய்து காட்டினார். முப்பது வருடத்துக்கு மேலாக அது எங்கள் வீட்டில் எரிந்தது. இந்த வருடம் வேறோர் இடத்தில் எரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"அந்த இருட்டுக்குள்ள எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று ஒஸ்லோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் வார்டோ. நோர்வேயின் கிழக்குக் கோடியில் ஒரு தீவு. கடலுக்கு அடியால் போகும் 2.9 கிலோமீட்டர் சுரங்கப்பாதைதான் எங்களைத் தரையோடு சேர்க்கிறது. நகராட்சி முழுவதையும் கூட்டினாலும் ஏறக்குறைய 2,000 பேர்தான். 80களின் கடைசியிலும் 90களிலும் எங்கள் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் கரையோரத்து மீன் ஆலைகளில் மீன் துண்டு போட ஆள் தேவைப்பட்டது, போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்கு வேலை தேவைப்பட்டது. அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் உலகத்தின் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தன. பிறகு ஆலைகள் மூடின, பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே போய்விட்டது. எங்களுக்குப் பழக்கமானவர்களில் மிஞ்சியது நாங்களும், துறைமுகத்துப் பக்கம் தனியாக இருக்கும் அண்ணை ஒருவரும்தான்.

நவம்பர் 23ஐ ஒட்டிச் சூரியன் போய்விடும். திரும்பி வருவது ஜனவரி 20 அளவில். எட்டு வாரமும் நள்ளிரவு மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறோம், கடிகாரம் மட்டும் ஒஸ்லோ நேரம் காட்டுகிறது. அதனால் எங்கள் நண்பகல் பதினொரு மணிக்கே வந்துவிடும். ஒன்பதரை மணிக்குத் தெற்கு வானம் நீலமாகத் தொடங்கும், அடிவானத்தில் சில நாள் மெல்லிய ரோசா ஓடும், பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். அந்த நீல வெளிச்சத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியே நடக்க வேண்டும். இதை நான் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்வேன். குளிரும் அவ்வளவு மோசமில்லை. கடலில் வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை, ஜனவரியில்கூடச் சராசரி மைனஸ் ஐந்துக்குள்தான். கஷ்டம் தருவது காற்று. மரமே இல்லாத தீவில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. வேலி கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போன நாட்கள் எத்தனையோ. அப்புறம், மீனெண்ணெய். பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரை, தினமும் ஒரு கரண்டி குடிக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உடம்புக்கு இவ்வளவும் போதும். மனசுக்குத்தான் ஆட்கள் வேண்டும்.

முதல் வருடத்து நத்தார் இரவை என்னால் மறக்க முடியாது. டிசம்பர் 24 மாலை ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்தது. அதன்பிறகு தெருவில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. எங்கள் ஊரில் பெருநாள் என்றால் வாசல் திறந்திருக்கும், ஆட்கள் வந்து போவார்கள், பலகாரத் தட்டு வேலிக்கு மேலால் கைமாறும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் கதவைச் சாத்திக்கொண்டது. எங்களைப் பிடிக்காமல்தான் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து அன்று இரவு அழுதேன். அது தவறு என்று விளங்க எனக்கு இரண்டு மூன்று வருடம் எடுத்தது. 24ஆம் தேதி இவர்களுக்கு வீட்டாரோடு மட்டும் இருக்கும் நாள். ஊர் ஒன்றுகூடுவது அதற்குப் பிறகுதான். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் நடுவில் கிடக்கும் நாட்களுக்கு இங்கே தனிப் பெயரே உண்டு, 'ரொம்யூல்'. அந்த நாட்களில் நீங்கள் யார் வீட்டு மணியையும் அடிக்கலாம். ஏழு வகைப் பிஸ்கட்டும் கோப்பியும் மேசையில் தயாராக இருக்கும். புதிதாக இந்தப் பக்கம் வருகிற நம் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 24ஆம் தேதி யாரும் கூப்பிடவில்லை என்று மனம் நோகாதீர்கள், 27ஆம் தேதி நீங்களாகவே போங்கள்.

ரொம்யூல் நாட்களில்தான் மண்டபத்தில் பிள்ளைகளுக்கான நத்தார் மரவிழா நடக்கும். மண்டபத்தைக் கழுவுவது, நாற்காலி அடுக்குவது, கோப்பி ஊற்றுவது எல்லாம் ஊராரே சம்பளமில்லாமல் செய்வது. அதற்கு இவர்கள் சொல்லும் சொல் 'டுக்னாட்'. நம்மூரில் கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் எல்லோரும் விளக்குமாறோடு போய் நிற்போமே, அதேதான். முதல் தடவை என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், கிடைத்த கொட் மீனை அவித்து, உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் போட்டு ஐம்பது கட்லட் பொரித்துக்கொண்டு போனேன். கேக்குகளுக்கு நடுவில் அது மட்டும் தனியாக இருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அறிவிப்புத் தாளில் யார் எந்தக் கேக் என்ற பட்டியலில் என் பெயருக்கு நேரே 'மீன் உருண்டை, நூறு' என்று அவர்களாகவே எழுதியிருந்தார்கள். மரத்தைச் சுற்றி மூன்று வட்டமாகக் கைகோத்து, ஒரு வட்டம் வலமும் அடுத்த வட்டம் இடமுமாகப் பாடிக்கொண்டு நடப்பார்கள். என் மகள் நடக்கப் பழகியதே அந்த வட்டத்துக்குள் என்று சொல்லலாம்.

இந்த வருடம் மகள் ஒஸ்லோவிலிருந்து வர வேண்டியது 22ஆம் தேதி. புயல். விமானம் எங்கள் ஓடுபாதையில் இறங்காமல் வாட்ஸோவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து 75 கிலோமீட்டர்தான், ஆனால் வீதி பூட்டு. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் அக்கா வாட்ஸோவில் இருக்கிறார். முன்பின் பார்த்திராத என் மகளுக்கு இரண்டு இரவு கட்டில் கொடுத்து, சூப் கொடுத்து, 24ஆம் தேதி காலையில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போக விட்ட கார்களில் ஒன்றில் இடமும் பிடித்துக் கொடுத்தார். பிள்ளை வந்து சேர்ந்தபோது மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த அக்காவுக்கு நான் அனுப்பிய பயத்தம் பணியாரத்தால் அந்தக் கடன் தீராது.

அண்ணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி காலமான பிறகு வந்த முதல் மார்கழியில் அவர் போன் எடுப்பதை விட்டுவிட்டார். கதவைத் தட்டினால், "நான் நல்லா இருக்கிறன் பிள்ளை, நீ போ" என்பார். ஜன்னலும் இருட்டு. எனக்கு எதிர்வீட்டு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வார். வேலை ஒன்று கொடுத்தால்? "அண்ணை, திருவெம்பாவை தொடங்குது. என்ரை பிள்ளையளுக்கு ஒரு பாட்டும் தெரியாது. விடிய அஞ்சரைக்கு நீங்கள் போனில படிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டேன். ஊரில் அந்தப் பத்து நாளும் விடியுமுன் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்து, வீடு வீடாக எழுப்பிக்கொண்டு போன கூட்டத்தில் அவரும் ஒருவர் என்று எனக்குத் தெரியும். பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பும் பாட்டு அது. யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி, ஆனா நேரத்துக்கு எழும்போணும்" என்றார். அது ஆறு வருடத்துக்கு முன். இப்போது ஒஸ்லோ, பேர்கன், டொரோண்டோ எல்லாம் அந்தக் குழு அழைப்பில் இருக்கிறது. டொரோண்டோவில் அது இரவு பதினொன்றரை, அவர்கள் படுக்கப்போகுமுன் கேட்கிறார்கள். முதலில் சங்கு. அதன் பின்னணியில் எங்கள் தீவுக் காற்று. அப்புறம் அண்ணையின் குரல்.

இனி அந்த விளக்கு.

எதிர்வீட்டு அம்மம்மா போன கோடையில் முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டார். நான் வேலை செய்வதும் அங்கேதான். நடை கூடத்தின் கடைசி ஜன்னலில் நின்றால் எங்கள் தெரு தெரியும். நவம்பர் கடைசியில் ஒருநாள் அவர் அங்கே சக்கர நாற்காலியில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாக எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். அவர் வீடு மட்டும் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊரில் கார்த்திகை விளக்கீட்டுக்கு அப்பா படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன்மேல் சிட்டி வைத்து எண்ணெய்விட்டுக் கொளுத்துவார். கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்கு ஒன்று. பக்கத்து வளவுக்காரர் கொழும்பில் இருந்தால் அவர்கள் படலைக்கும் ஒன்று வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

எதிர்வீட்டு அம்மம்மாவின் மகனிடம் சாவி கேட்டு வாங்கினேன். அவர் மீன்பிடிக் கப்பலில், மாதக்கணக்கில் கடலில். எங்கள் ஜன்னலிலிருந்த அந்த ஏழு பல்பு விளக்கை எடுத்துப்போய் அம்மம்மாவின் வரவேற்பறை ஜன்னலில், கண்ணாடியை ஒட்டி, தெருவைப் பார்க்க வைத்தேன். எங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டோம். மறுநாள் மத்தியானம் இரண்டு மணி, வெளியே இருட்டிவிட்டது. அம்மம்மாவை இல்லத்தின் அந்தக் கடைசி ஜன்னலடிக்குக் கூட்டிப்போனேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டில் ஆள் இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கோப்பிக்குப் பிறகு அந்த ஜன்னலடிதான்.

நத்தார் இங்கே ஜனவரி 13இல் முடிகிறது. இருபதாம் நாள். மரத்தை வெளியே எடுத்துவிடுவார்கள், தெரு திடீரென்று வெறிச்சோடும். வருடத்திலேயே மனம் மிகச் சோரும் நாள் அதுதான் என்று இங்குள்ளவர்களே சொல்வார்கள். எங்களுக்கு அப்படி இல்லை, அதற்கு அடுத்த நாளோ மறுநாளோ தைப்பொங்கல் வருகிறது! சூரியனுக்கு நன்றி சொல்லும் பொங்கலை, சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத ஊரில் பொங்குகிறோம். பதினொரு மணிக்கு, வானம் அதிகம் வெளுத்திருக்கும் நேரம் பார்த்து, தெற்கு ஜன்னலடியில் கோலம் போட்டு, குசினி அடுப்பில் பானையை வைப்போம். இந்த முறை பால் பொங்கி வழிந்தபோது அண்ணை சங்கு ஊதினார். மேல்மாடி வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்து, ஒரு கிண்ணம் புக்கையோடு திரும்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் பொங்கல். வார்டோஹூஸ் கோட்டையிலிருந்து சூரியனின் முழு வட்டமும் தெரியும் முதல் நாளில் பீரங்கி முழங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்று காலையே முதியோர் இல்லச் சமையலறையில் பெரிய பானையில் பச்சரிசியும் வறுத்த பயறும் சர்க்கரையும் போட்டுப் பொங்கினேன். அவர்களுக்கு இது புதிதில்லை. நத்தாருக்குப் பால்சோறு மாதிரி ஒரு அரிசிக் கஞ்சி செய்து, கறுவாத்தூளும் நடுவில் ஒரு துண்டு வெண்ணெயும் வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவைப்பது வழக்கம், யாருக்கு அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அதனால் கஜுவும் பிளம்ஸும் போட்ட என் புக்கைக்குள்ளும் ஒரு பாதாம் போட்டேன்.

பீரங்கி முழங்கியது. கூடத்துச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மம்மா நாற்காலியைத் தள்ளச் சொல்லி, அந்த வெளிச்சத்துக்குள் தன் இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டார். அது போய்விடும்வரை கையை எடுக்கவில்லை.

அப்புறம் சாப்பாடு. பாதாம் யாருக்கும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எல்லோரும் கிண்ணத்தை நீட்டினார்கள், அண்ணையும் மூன்றாம் தரம் போட்டுக்கொண்டார், நான் பானையின் அடியைச் சுரண்டத் தொடங்கினேன். மேசை மூலையில் இருந்த தொண்ணூறு வயது மீனவர் ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பானை காலியான பிறகுதான் வாயைத் திறந்து, கன்னத்துக்குள் அவ்வளவு நேரமும் வைத்திருந்த பாதாமை நாக்கு நுனியில் காட்டினார்.