மேல்பல்லின் உள்பக்கம்

நவம்பர் 4, சோமனூர்

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து இளநீர் குடித்தேன். மேல் முன்பல் சுரீர் என்றது. ஃப்ரிட்ஜில் வைத்ததுகூட இல்லை. சொத்தையோ என்று கண்ணாடியில் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது.

நவம்பர் 9

கோயமுத்தூரில் பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மேல்பல்லின் உள்பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தூங்கி எந்திரிச்சா வாய் புளிக்குதுங்களா?" என்றார். புளிக்கும், பல வருஷமாக. நெஞ்செரிச்சலும் உண்டு. அதைப் போய்ப் பல் டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

வயிற்று அமிலம் எதுக்களித்து வந்தால் மேல்பல்லின் உள்பக்கமும் கடைவாய்ப் பல்லின் மேடுகளும் கரையுமாம். என் பழைய வெள்ளி அடைப்பு அமிலத்துக்கு அசையவில்லை. சுற்றியிருந்த பல் தாழ்ந்துபோய் அடைப்பு மட்டும் மேடாக நிற்கிறது. நாக்கால் தடவினால் எனக்கே தெரிகிறது. பல்லின் மேலோடான எனாமல் கரைய பிஎச் 5.5 வாக்குக்கு இறங்கினாலே போதும்; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. வயிற்று அமிலம் 2-க்குக் கீழேகூடப் போகும். சாயப்பட்டறைகள் புண்ணியத்தில் நம்ம பக்கத்தில் பிஎச் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடுவதால் மேலே வந்த அமிலத்தைக் கழுவ ஆளில்லை.

வயிற்றெரிச்சலைக் கிளப்பியது இன்னொன்று. புளிப்புப் போகட்டும் என்று எழுந்த கையோடு கெட்டியான பிரஷ்ஷில் அழுத்தித் தேய்ப்பேன். அமிலத்தில் இளகிக் கிடந்த எனாமலை நானே வழித்திருக்கிறேன்.

நவம்பர் 10

புளித்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ், அதுவும் மெத்தென்றது. சோடா டப்பாவோடு என்னைப் பார்த்த அம்மா, "போண்டாவா கண்ணு?" என்றார்.

நவம்பர் 16

வயிற்று டாக்டர். எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. அது சரி. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாதாம். விடிகாலை ஆறு மணிக்கு வந்து அரிசிம்பருப்பு சாதத்தை நெய் விட்டு அடித்து ஏழுக்குச் சாய்கிற தறிக்காரனிடம் சொல்கிற பேச்சா இது! இப்போது நடுராத்திரி மூன்று மணிக்குத் தறி ஓரத்திலேயே டப்பாவைத் திறந்துவிடுகிறேன். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எதுக்களிப்பு குறைவு. முதல் நாள் கால்மாட்டுக்குச் சறுக்கிக் கிடந்தேன்.

டிசம்பர் 12

வாய்ப் புளிப்பு வாரத்தில் ஒரு நாள்தான். கரைந்த எனாமல் திரும்ப வளராது. எதுக்களிப்பு அடங்கியபின் பல் நிறப் பூச்சு வைக்கலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. அதுவரை ஃப்ளோரைடு பேஸ்ட்.

ராத்திரி பாவு அறுந்து தறி நின்ற நேரம், பக்கத்துத் தறித் தம்பி பெரிதாக ஏப்பம் விட்டு, "ஒரே புளிப்புங்ண்ணா" என்றான். போன் டார்ச்சை அடித்து, "வாயைத் தொறடா" என்றேன்.