புரட்டாசியில் முட்டை இல்லாத கலர் பிஸ்கட்: பிள்ளைகளோடு செய்து பார்த்தது

தீபாவளிப் பலகாரம் செய்யும்போது பிள்ளைகளுக்கு என்று கொடுக்க வேலையே இருப்பதில்லை. முறுக்குச் சட்டி பக்கம் விட முடியாது, அதிரசப் பாகு பக்கமும் விட முடியாது. பிஸ்கட்டில் அந்தப் பயம் இல்லை. பிசைவது, தேய்ப்பது, வெட்டுவது எல்லாம் கையில் சூடு படாத வேலை. அதனால் இந்த முறை கலர் பிஸ்கட்டை முழுக்கப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணன் மகள், பக்கத்து வீட்டுத் தம்பி, இதுதான் எங்கள் கூட்டம்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. பரவாயில்லை, இந்தப் பிஸ்கட்டுக்கு முட்டை தேவையும் இல்லை. கோதுமை மாவு 250 கிராம், சோள மாவு 25 கிராம், பட்டர் 150 கிராம், ஐசிங் சீனி 90 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சேர்ந்து வருவதற்கு ஒரு மேசைக்கரண்டி பால். சோடாவும் பேக்கிங் பவுடரும் வேண்டாம். அவை இல்லாவிட்டால்தான் வெட்டிய வடிவம் உப்பாமல் அப்படியே வெந்து வரும். பட்டரையும் சீனியையும் வெளுக்கும் வரை மட்டும் குழைத்துவிட்டு, மாவைப் போட்டதும் கையால் மெல்லச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு). மதியம் ஆனால் சூடு 32, 33 டிகிரிக்குப் போய்விடும். பட்டர் உருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். புத்தகங்கள் சொல்லும் ‘அறை வெப்பம்’ குளிர்நாட்டு அறையின் வெப்பம். நம் ஊரில் அதை நம்பி மாவை மேசையில் விட்டால் எண்ணெய் பிரிந்து மாவு வழவழவென்று ஆகிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் தேய்த்து முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் இரவே மாவைப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் ஒரு துண்டாக எடுப்போம், மற்றவை உள்ளேயே இருக்கும்.

கலரை மேலே பூசுவதா, மாவிலேயே சேர்ப்பதா என்று இரண்டையும் செய்து பார்த்தோம். ஐசிங் பூசினால் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது காய ஒரு ராத்திரியாவது ஆகிறது. அதுவரை தட்டை மூடாமல் வைக்க வேண்டும், எறும்பு வேறு வந்துவிடும். மாவில் சேர்த்துவிட்டால் காய வைக்கும் வேலையே கிடையாது. வெந்து ஆறியதும் போத்தலில் போட்டுவிடலாம். சின்னப் பிள்ளைக்கு ஐசிங் பை பிடிப்பதைவிட மாவு உருட்டுவது நன்றாக வருகிறது. என் முடிவு மாவுக் கலர்தான்.

கலருக்கு வேலி ஓரத்துச் சங்குப்பூவிலிருந்து ஆரம்பித்தோம். பிள்ளையாருக்கு வைத்தது போக மிஞ்சிய பூவை நிழலில் காயவைத்து, மிக்சியில் பொடித்துச் சலித்தோம். கிளந்தான் மாநிலத்து நாசி கெராபு என்ற உணவின் நீலச் சோற்றுக்கும் இதே பூதான். பூவை ஊறவைத்த தண்ணீரை ஊற்றினால் மாவு இளகிவிடும், அதனால்தான் பொடி. மஞ்சள் நிற மார்ஜரினில் இந்த நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வெளுத்த பட்டரில் நன்றாக நின்றது.

அடுத்து நடந்ததுதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. நீல மாவில் ஒரு பகுதியைப் பிய்த்து, அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு அண்ணன் மகள் கையால் அமுக்கினாள். விரல் பட்ட இடம் முதலில் ஊதாக் கீறலாக மாறியது. அப்படியே மடித்து மடித்து அமுக்க, நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து உருண்டை முழுக்க ஊதா ஆகிவிட்டது.

“அத்தை, இது பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாள் மாதிரியே இருக்கு!”

எலுமிச்சையின் அமிலம் பட்டுச் சங்குப்பூ நிறம் மாறியது. மஞ்சள் காரம் பட்டால் நிறம் மாறும், அதனால் மஞ்சளில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்து காட்டினேன். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்ட மாவில், கத்தி நுனியளவு சமையல் சோடாவை அரைக் கரண்டிப் பாலில் கரைத்துச் சேர்த்தால் செங்கல் நிறம் வருகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே காரணத்தால்தான் என்று சொன்னதும் மகன் ஓடிப்போய்ப் பாட்டியிடம் சுண்ணாம்பு கேட்டான். (பாட்டி கொடுக்கவில்லை. சரிதான், சுண்ணாம்பு பிள்ளைகள் கையில் விளையாடும் பொருள் இல்லை.)

பச்சைக்குப் பாண்டான் இலை. கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்தால் அடியில் பச்சை வண்டல் தங்கும். மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டலை மட்டும் பாலுக்குப் பதில் சேர்க்க வேண்டும். நிறத்தோடு மணமும் வரும்.

பீட்ரூட் மட்டும் நிற்கவில்லை. மாவில் ரோஜா நிறமாக இருந்தது, ஓவன் சூட்டில் மங்கிப் பழுப்பாகிவிட்டது. சிவப்புக்குக் கடைக் கலர்தான் வாங்கினோம். சைவமாக இருப்பவர்கள் பாட்டிலில் இ120 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

தேய்க்கும்போது மாவின் இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டையை அதன்மேல் உருட்டச் சொன்னேன். யார் தேய்த்தாலும் ஒரே கனம் வருகிறது, வேகும்போதும் எல்லாம் ஒன்றாக வேகின்றன. அச்சு தேடி ஈப்போ வரை போக வேண்டியதில்லை. பாட்டில் மூடியே நல்ல வட்டம் வெட்டும். வட்டத்தின்மேல் மிளகளவு கலர் உருண்டைகளைப் புள்ளிக் கோலம் போல வைத்து அமுக்கியது மகளின் யோசனை. பக்கத்து வீட்டுத் தம்பி நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துச் சுருட்டி வெட்டினான், உள்ளே சுருள் சுருளாக வந்தது. ஒரு பங்கு மாவில் ஏறக்குறைய 40 பிஸ்கட் வருகிறது.

ஓவன் வேலை என்னுடையது. வெட்டியதைத் தட்டோடு கால் மணி நேரம் குளிர வைத்துவிட்டு, 150 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் ஓரம் சிவந்து கலர் கெட்டுவிடும். எங்கள் சின்ன மேசை ஓவனில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் தட்டைக் கீழ்த் தட்டில் வைக்கிறேன், கடைசி ஐந்து நிமிடம் மேலே அலுமினியத் தாள். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. முழுக்க ஆறாமல் சிவப்பு மூடிப் போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும்.

இப்போது கடைச் சிவப்பு போக வீட்டில் ஐந்து கலர் கைவசம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் பெரிய அளவில் செய்யப் போகிறோம். அதுவரை சங்குப்பூவைக் காலையில் பறித்துக் காயவைப்பது மகனின் பொறுப்பு.