ஸ்கேன் செய்ய எத்தனை டிபிஐ வைக்கலாம்?

ஸ்கேனர் மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் படும் ரெசல்யூஷன் பட்டியல் (டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 75, 150, 300, 600 என்று ஏறிக்கொண்டே போய் சில கருவிகளில் 9600-ஐத் தொடும். எண் பெரிதானால் படமும் நன்றாக வரும் என்று நம்பி உச்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கோப்பு பெருத்துவிடுமே என்று பயந்து 150-இலேயே நின்றுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. அசலில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது, ஸ்கேன் செய்த படத்தை என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டையும் பார்த்துத்தான் எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் கணக்கு. 6×4 அங்குலப் புகைப்படத்தை 300 டிபிஐ-யில் எடுத்தால் 1800×1200, அதாவது 21.6 லட்சம் பிக்சல். 600 வைத்தால் 3600×2400, அதாவது 86.4 லட்சம். டிபிஐ இரட்டிக்கும்போது பிக்சல் நான்கு மடங்காகிறது. சாதாரண 24 பிட் வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 3 பைட் வேண்டும். ஆக, சுருக்காத டிஃப் கோப்பு 300-இல் சுமார் 6.5 எம்பி, 600-இல் 26 எம்பி, 1200-இல் 104 எம்பி.

அச்சிடுவதற்கு வழி எளிது: அச்சில் வரவேண்டிய நீளத்தை அசலின் நீளத்தால் வகுத்து, 300-ஆல் பெருக்குங்கள். 6×4 படத்தை 12×8 ஆகப் பெரிதாக்க 600 வேண்டும். அதே அளவில் திரும்ப அச்சிட 300 போதும். திரையில் பார்க்க என்றால் திரையின் அகலப் பிக்சலைப் படத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். 3840 பிக்சல் அகலமுள்ள 4கே திரையை 6 அங்குலப் படம் நிறைக்க 640 டிபிஐ. 1920 பிக்சல் திரைக்கு 320.

ஸ்கேன் முடிந்த பிறகு கோப்புக்குள் இருக்கும் டிபிஐ எண் வெறும் குறிப்புதான். பிக்சலைக் கூட்டாமல் அதை 72-இலிருந்து 300 என்று மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. யாராவது “300 டிபிஐ படம் அனுப்புங்கள்” என்று கேட்டால், எத்தனை அங்குலத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அளவு தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அசலில் என்ன இருக்கிறது என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. 35×45 மி.மீ. பாஸ்போர்ட் படத்தை 10 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1700 டிபிஐ வருகிறது. ஆனால் ஸ்டூடியோவில் பெரிதாக்கி அச்சிட்ட தாள் பெரும்பாலும் 300 முதல் 600 டிபிஐ வரையிலான நுணுக்கத்தையே தாங்கியிருக்கும். அதற்கு மேல் போனால் தாளின் நாரும் கண்ணாடியிலுள்ள தூசியும்தான் பெரிதாகத் தெரியும். பெரிய நெகட்டிவை நேரடியாகத் தாளின் மேல் வைத்து எடுத்த பழைய கான்டாக்ட் பிரிண்ட்கள் மட்டும் விலக்கு. அவற்றில் 1200 வைத்தாலும் புதிது புதிதாக விவரம் வெளிவரும்.

குடும்ப ஆல்பத்துக்கு என் பரிந்துரை, எல்லாவற்றுக்கும் 600. குழுப் படங்களில் ஒரு முகம் கால் அங்குலம்கூட இருக்காது. 300-இல் அந்த முகத்துக்கு 75 பிக்சல்தான், 600-இல் 150. பின்னாளில் யாராவது அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கக் கேட்கத்தான் போகிறார்கள். அதற்குள் அசலின் நிறம் இன்னும் மங்கியிருக்கும்.

ஃபிலிம் கதை வேறு. 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு ஃபிரேம் 36×24 மி.மீ. அளவுதான். அதை 300-இல் எடுத்தால் 425×283 பிக்சல் கிடைக்கும், ஒன்றுக்கும் உதவாது. 2400-இல் சுமார் 77 லட்சம் பிக்சல், 4000-இல் சுமார் 2.1 கோடி. இங்கேதான் பெட்டி மேல் அச்சிட்ட எண்கள் ஏமாற்றும். “இன்டர்போலேட்டட்” என்று போட்டிருப்பது மென்பொருள் ஊகித்து நிரப்பும் பிக்சல், அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். “ஆப்டிகல்” (சென்சார் நிஜமாகவே படிக்கும் அளவு) 4800 என்று போட்ட பிளாட்பெட், அதாவது கண்ணாடி மேல் அசலை வைத்து எடுக்கும் ஸ்கேனர்கூட சோதனை அட்டையை வைத்து அளந்தால் பெரும்பாலும் அதில் பாதியைத்தான் எட்டும். சென்சாரில் அத்தனை புள்ளிகள் இருக்கலாம், லென்ஸ் அவ்வளவு கூர்மையில்லை. அதனால் பிளாட்பெட்டில் 2400 வைத்தால் போதும். ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் இருந்தால் 4000-க்குப் போங்கள். ஃபிலிம் சுருண்டிருந்தால் ஃபோகஸ் தவறிவிடும், பிறகு எந்த எண்ணும் காப்பாற்றாது. கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் வைத்துத் தட்டையாக்கிவிட்டு எடுங்கள்.

எழுத்துள்ள தாள்களுக்கு 300, கிரேஸ்கேல் (வண்ணமில்லாமல் சாம்பல் நிறச் சாயல்கள் மட்டும்). படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு உரையாக்கும் தமிழ் எழுத்துணரிக்குக் (ஓசிஆர்) கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கீழே இறங்கவே கூடாது. நம் எழுத்தில் க, க் இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு புள்ளி. ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது ஒரு குட்டிச் சுழி. 150 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.17 மி.மீ.; அரை மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். தாள் கொஞ்சம் பழுப்பேறியிருந்தால் அதுவும் கரைந்துபோய், மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகப் படிக்கப்படும். அடிக்குறிப்பு போன்ற பொடி எழுத்துக்கு 400 அல்லது 600 வையுங்கள். ஜேபெக்கில் அதிகமாகச் சுருக்கினாலும் எழுத்தைச் சுற்றிப் புகைபோலப் படிந்து இதே கோளாறு வரும். சாம்பல் நிறமே இல்லாத கோட்டோவியத்தைக் கருப்பு-வெள்ளை ஒரு பிட்டில் எடுப்பதானால் 600 முதல் 1200 வரை வேண்டும். இல்லையென்றால் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும்.

பத்திரிகையில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அலையலையாகக் கோலம் விழுவதைப் பலர் ஸ்கேனரின் பழுது என்று நினைக்கிறார்கள். அச்சுப் படம் முழுவதும் நுண்புள்ளிகளால் ஆனது. செய்தித்தாளில் அங்குலத்துக்கு 85 முதல் 100 வரிசை, வழவழப்பான இதழ்களில் 133 முதல் 150 வரிசை. அந்த வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதுவதால் வருவதுதான் மோரே. 600-இல் எடுத்து, புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் லேசாக காஸியன் பிளர் (படத்தை மழுக்கும் வசதி) கொடுத்து, பிறகு 300-க்குச் சுருக்குங்கள். ஸ்கேனர் மென்பொருளிலுள்ள “டிஸ்க்ரீன்” வசதியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ஆனால் அதை மறந்துபோய் உண்மையான புகைப்படத்துக்கும் விட்டுவைத்தால் முடியும் கண்ணிமையும் மழுங்கிப்போகும்.

சொரசொரப்பான ‘சில்க்’ தாளில் அச்சிட்ட படங்களுக்கு ரெசல்யூஷனைக் கூட்டினால் மேடுபள்ளம்தான் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, படத்தை 180 பாகை திருப்பி வைத்து மறுமுறை எடுங்கள். இரண்டாவதை நிமிர்த்தி, முதலாவதன் மேல் லேயராகப் பொருத்தி, ஒபாசிட்டியை (மேல் லேயர் அடியிலுள்ளதை மறைக்கும் அளவு) 50 சதவீதமாக்குங்கள். எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்திருப்பதால் மினுமினுப்பு பெருமளவு அடங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்துவிடலாம். ஸ்கேனரின் ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டு, முடி, நகை, சேலைக்கரை என்று நுணுக்கம் நிறைந்த ஓர் அங்குலச் சதுரத்தை மட்டும் 300, 600, 1200 மூன்றிலும் எடுங்கள். 300-ஐ 600-இன் அளவுக்குப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்து 100 சதவீதத்தில் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் 300 போதும். தெரிந்தால் 600-ஐ அதேபோல் 1200-உடன் ஒப்பிடுங்கள். கூடுதலாக வருவது வெறும் கிரெயின், அதாவது பொடிப்பொடியான புள்ளித்தன்மைதான் என்றால் 600-இலேயே நில்லுங்கள். ஒரே காலத்தில், ஒரே வகைத் தாளில் அச்சான படங்களுக்கு ஒரு சோதனை போதும். ஆல்பத்தில் தாள் மாறும் இடத்தில் மட்டும் இன்னொரு முறை செய்யுங்கள்.