பார்பிகன் வளைவில் ஈரானிய முகங்கள்

லண்டன் பார்பிகன் கலை மையத்தில் 'கர்வ்' என்றொரு கண்காட்சிக் கூடம் இருக்கிறது. இசையரங்கின் முதுகைச் சுற்றி ஏறக்குறைய 90 மீட்டர் வளைந்து போகும். வாசலில் நின்றால் மறுமுனை தெரியாது. பார்பிகன் சுரங்கரயில் நிலையத்தில் இறங்கி, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடப்பது நல்லது. கோட்டை விட்டால் மேல்தள நடைபாதைகளில் சுற்ற வேண்டியதுதான்.

2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை இங்கே ஓவியர் சொஹைலா சொகன்வரியின் 'ரெபெல் ரெபெல்' கண்காட்சி நடந்தது. ஈரானின் ஷிராஸில் பிறந்தவர், அங்கே இஸ்லாமியப் புரட்சிக்கு முந்தைய ஆண்டான 1978இல் இங்கிலாந்து வந்தவர். முதலில் அறிவியல், ஓவியக் கல்லூரி பிறகுதான். ஆய்வகத்தில் பழகிய கை என்பது படங்களில் தெரியும்.

எல்லாம் சின்னச் சின்ன உருவப்படங்கள்: பாடகி கூகூஷ், கவிஞர் ஃபோரூக் ஃபரோக்சாத் என்று புரட்சிக்கு முந்தைய ஈரானின் பெண்கள். சுவர் முழுக்கக் கையால் தீட்டிய இஸ்லாமிய வடிவியல் கோலங்கள். அவற்றுக்கு நடுவே முகத்தைத் தேடிப் பக்கத்தில் போனால்தான் வேலைப்பாடு பிடிபடும்.

தீட்டியிருப்பது வெல்லத்தின் மேல். அச்சுவெல்லம் அல்ல, பதப்படுத்திய கன்றுத்தோலுக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு பெயர் (vellum). வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளைக்கரு ஒட்டாதபடி கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி, சவ்வைக் கிள்ளித் தூக்கி, உள்ளிருப்பதை மட்டும் வடிப்பார்கள். ஒரு கருவுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி தண்ணீர். அதைத் தண்ணீரில் அரைத்த நிறமி விழுதோடு ஏறக்குறைய சரிபாதியாகக் கலப்பது வழக்கம். கரு கூடினால் எண்ணெய்ப் பளபளப்பு வரும். குறைந்தால் காய்ந்தபின் சுண்ணாம்புபோல விரலில் உதிரும். மீந்த கரு கெட்டுப்போகும், அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும்.

இந்த வண்ணம் நொடிகளில் காய்வதால், எண்ணெய் வண்ணத்தைப் போல இழைத்துக் குழைக்க முடியாது. கன்னத்தின் நிழல்கூட அணில்முடித் தூரிகையால் மயிரிழைக் கோடுகளாகத்தான் சேரும். அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே இன்னொரு கோடு இழுத்தால் அடிப்பூச்சு பெயர்ந்து வந்துவிடும். தோலும் சும்மா இராது: ஈரம் பட்டால் நெளியும், எண்ணெய்ப்பசை இருந்தால் வண்ணத்தைத் தள்ளும். பலகையில் இழுத்துக் கட்டி, நுரைக்கல் (pumice) பொடி தேய்த்த பிறகே தொடுவது பழைய முறை. கெட்டியாகப் பூசினால் தோல் அசையும்போது வெடிக்கும், ஆகவே மெல்லிய பூச்சுகள்.

தமிழர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கவேண்டிய படம் ரூஹங்கீஸ் சாமிநெஜாதினுடையது. 1933இல் முதல் பாரசீகப் பேசும்படத்தில் நடித்தவர். அதைப் பம்பாயில் எடுத்தவர் அர்தேஷிர் இரானி. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) அவர் தயாரித்ததுதான். படத்தில் நடித்ததற்காக ஊரில் வசவும் தொல்லையும் வாங்கி, கடைசியில் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்ந்தார் சாமிநெஜாத். இங்கே சொந்தப் பெயரோடு இருந்தார்.