வேலை செய்துகொண்டே ஒரு அரச கொள்கை முதுமாணி

படிப்பு முடிந்த பிறகு கந்தோரில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அதில அப்படி என்னதான் படிப்பிக்கிறாங்க மிஸ்?" என்பதுதான். கேட்பவர்களில் பலர், விண்ணப்பிக்கலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். நானும் கொழும்பு வடக்கில் ஒரு பிரதேச செயலகத்தில் அதே பதவியில் இருக்கிறேன். தமிழ் மொழிமூலக் கலைப் பட்டம். அரச கொள்கை முகாமைத்துவ முதுமாணியின் பாட விவரணத்தை முதலில் பார்த்தபோது எல்லாப் பாடமும் ஒரே மாதிரித் தெரிந்தது: கொள்கைச் செயன்முறை, பொருளியல், அளவைசார் முறைகள், அரச நிதி, கொள்கைப் பகுப்பாய்வு, ஆய்வு முறையியல். உள்ளே போனபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இழுத்தது.

விண்ணப்பிக்க முன் பார்க்க வேண்டியது, பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் அது எந்த மட்டம் என்பது. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியது. பாடநெறியில் ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணிநேரக் கற்றல். ஆய்வில் ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணிநேரம். ஆக ஆய்வுக்கு 15 கிரெடிட் என்று வைத்தால், 60 கிரெடிட்டுக்கு 3,750 மணிநேரம். கணவரையும் மாமியையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லி, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி முடித்த பிறகுதான் கட்டணம் கட்டினேன். பிறகு கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் இருப்பவர்கள் 10ஆம் மட்டத்தையே எடுப்பது நல்லது.

கொள்கைச் செயன்முறைப் பாடத்தை விரிவுரையாளர் மலேரியாவிலிருந்து தொடங்கினார். 1963இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். நோய் போய்விட்டது என்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. பிறகு பல தசாப்த உழைப்பு, இடையில் யுத்தம். 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றியவர் என்று ஒருவரும் இல்லாத நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. "1963இல் நீங்கள் திறைசேரியில் இருந்திருந்தால், 17 நோயாளருக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டிருக்க மாட்டீர்களா?" என்று அவர் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களோடு படித்த ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் எழுந்து, வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை இன்றும் நடக்கிறது, அதற்கான ஒதுக்கீட்டைக் காப்பாற்றுவதே பெரும்பாடு என்று சொன்னார். பிரச்சினை நிகழ்ச்சி நிரலுக்கு வருவது, வடிவமைப்பு, நடைமுறை, மதிப்பீடு என்று கொள்கையின் கட்டங்களைப் படம் போட்டுப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு. மலேரியா மனதில் இருந்ததால் அந்தப் படம் லேசாக ஏறியது.

அதே பாடத்தில் மைக்கல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் விஞ்ஞானியின் கருத்தும் வந்தது. மக்களை நேரே சந்திக்கும் கடைநிலை உத்தியோகத்தர், நேரமும் வளமும் போதாத நிலையில் அன்றாடம் எடுக்கும் முடிவுகள்தான் மக்களைப் பொறுத்தவரை அரச கொள்கை என்று அவர் 1980இல் விரிவாக எழுதினார். கருமபீடத்தில் வரிசையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. கிராம உத்தியோகத்தரும் நாங்களும் செய்வதை ஒரு பல்கலைக்கழகப் பாடம் இவ்வளவு மதிப்போடு எடுத்துப் பேசியது எனக்கு உண்மையாகவே உற்சாகம் தந்தது.

பொருளியல் உயர்தரத்தில் படித்தவர்களுக்குச் சிரமமில்லை. படிக்காதவர்கள் கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் போதும். நிறுவன நடத்தை, தலைமைத்துவம் இரண்டும் வாசித்தால் சித்தியடையும் பாடங்கள்.

எல்லோரும் பயப்படுவது அளவைசார் முறைகளுக்குத்தான். நான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுவதற்குக் காரணம், இந்தப் பாடத்துக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விடும் நல்ல உத்தியோகத்தர்களை எனக்குத் தெரியும். விரிவுரையாளர் கணினியைத் திறக்கவிடாமல் முதலில் ஒரு கணக்குத் தந்தார். பத்து வீடு உள்ள ஒரு தோட்டம், அதாவது நகரத்து நெருக்கமான குடியிருப்பு. ஒன்பது வீட்டில் மாத வருமானம் 40,000 ரூபாய். ஒரு வீட்டில் 4 இலட்சம். சராசரி என்ன? 76,000. வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடையம் என்ன? 40,000. "76,000 உழைக்கும் வீடு எது, காட்டுங்கள்" என்றார். அப்படி ஒரு வீடே இல்லை. எங்கள் மாதாந்த அறிக்கைகளில் எத்தனை சராசரிகள் போகின்றன என்று யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு அட்டவணை கைக்கு வந்தால் இடையம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். மாதிரி எடுத்தல், நம்பிக்கை இடைவெளி, ரிக்ரெஷன் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. எக்செல்லில் கையைப் பழக்கிக்கொண்டால் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் ஒரு தடையே இல்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்பதால், தமிழ்மொழிமூலத்தில் வந்த நாங்கள் சிலர் வகுப்பு முடிந்ததும் கொழும்பு பொது நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தோம். சொல்லிக் கொடுக்க முடியாத இடம்தான் விளங்காத இடம் என்று உடனே தெரிந்துவிடும்.

அரச நிதிப் பாடம் நாட்டின் நிலவரத்தோடு சேர்ந்தே நடந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் மறுபடி 15, 2024 ஜனவரியில் 18. 2022இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு வந்திருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டதை நாங்கள் எல்லோரும் கேஸ் வரிசையில் நின்று அனுபவித்தவர்கள். வரி வீதம் ஏன் ஏறி இறங்கியது, மறைமுக வரியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று எண்களை வைத்துப் பேசியபோது, வீட்டுச் சாமான் பில்லையும் திறைசேரியின் கணக்கையும் ஒரே தாளில் பார்க்க முடிந்தது.

செலவு நன்மைப் பகுப்பாய்வில் என்னை ஆட்டியது கழிவு வீதம், அதாவது பிறகு கிடைக்கும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடும் வீதம். 20 வருடம் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய், 10 சதவீதக் கழிவு வீதத்தில் இன்று 15 ரூபாயும் இல்லை. 5 சதவீதத்தில் ஏறக்குறைய 38 ரூபாய். ஒரே திட்டம், வீதத்தை மாற்றினால் ஒரு மேசையில் சித்தியடைகிறது, மறு மேசையில் விழுகிறது. எங்கள் ஒப்படைக்குக் கொழும்பைச் சுற்றியுள்ள ஈரநிலங்களை எடுத்தோம். 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. 2016 மே வெள்ளத்தில் களனி கங்கைக் கரையில் இருந்தவர்களுக்கு, தண்ணீரைத் தாங்கும் சதுப்பு நிலத்தின் பெறுமதியைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை எண்ணாக எழுதாவிட்டால், நிலத்தை நிரப்பிக் கட்டும் கட்டடத்தின் எண் மட்டும்தான் கோவையில் இருக்கும். வீதம் என்னவென்று தீர்மானிப்பவரே, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்றும் தீர்மானிக்கிறார். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சமூகக் கொள்கை தெரிவுப் பாடம். என் ஆய்வு அங்கிருந்துதான் முளைத்தது. 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று உதவித் திட்டங்கள் மாறிய ஒவ்வொரு காலத்திலும் அரசு ஏழையை எப்படி அடையாளம் கண்டது என்று பார்த்தோம். அஸ்வெசும 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை நான்கு பிரிவாக வகுத்தது. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் வந்தன. எந்த இலக்குத் திட்டத்திலும் இரண்டு வழு உண்டு: கிடைக்க வேண்டியவர் விடுபடுவது ஒன்று, தேவையில்லாதவர் உள்ளே வருவது மற்றது. அதே குறிகாட்டிகளை வைத்துக்கொண்டு ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். இரண்டும் ஒருமிக்கக் குறைய வேண்டுமானால் அளவுகோலையே திருத்த வேண்டும்.

முகத்துவாரம் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் எனக்கு ஒரு மின்கட்டணப் பட்டியலைக் காட்டினார். பின்புறத்தில் பென்சிலால் மூன்று பெயர். ஃபிரிட்ஜ் இருந்த வீட்டுக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால் என்று பிரித்து எழுதியிருந்தது. "பில் அண்ணன் பேர்லதான் மிஸ் வருது. காசு மூணு வீட்டாளுகளும் சேர்ந்துதான் கட்டுறோம்." மின்நுகர்வு வறுமையை அளக்கும் குறிகாட்டிகளில் ஒன்று. ஒரே மீற்றரில் மூன்று குடும்பம் இருந்தால் நுகர்வு மூன்று மடங்காகத் தெரியும். அதோடு வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவதால், மூன்று வீட்டு யுனிற்றும் சேரும்போது ஒரு யுனிற்றின் விலையும் கூடிவிடுகிறது. ஏழை என்பதாலேயே மீற்றரைப் பகிர்கிறார்கள். பகிர்வதால் கூடுதலாகக் கட்டுகிறார்கள். கட்டுவதால் வசதியானவர்களாகத் தெரிகிறார்கள். பொருளியல், புள்ளிவிவரம், லிப்ஸ்கி எல்லாம் அந்த ஒரு துண்டுக் கடதாசியில் எனக்குச் சேர்ந்து வந்தன. சேரப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, உங்கள் மேசையிலிருந்து இப்படி ஒரு பிரச்சினையை முதல் அரையாண்டிலேயே கையோடு கொண்டு போங்கள். ஒவ்வொரு ஒப்படையையும் அதன் மேலேயே எழுதினால் ஆய்வேடு தொடங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆய்வில் நேரம் பிடித்தது அனுமதிகள். கந்தோரில் உள்ள தனிநபர் கோவைகளை நான் தொடவில்லை, தொடவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டேன். நான் வேலை செய்யும் பிரிவில் நேர்காணல் எடுத்தால், பதில் சொன்னால்தான் உதவி கிடைக்கும் என்று மக்கள் நினைக்கக்கூடும். அதனால் மேற்பார்வையாளரோடு பேசி வேறு பிரதேச செயலகப் பிரிவு ஒன்றைத் தெரிவு செய்தோம். "கொழும்பு முழுக்க வேணாம் பிள்ளை, ரெண்டு கிராம உத்தியோகத்தர் பிரிவு எடுங்க, ஒழுங்கா எடுங்க" என்றார். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தது. தொகுப்புத் தரவுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. அரச ஊழியர்களும் சாதாரண பிரசைகளாக இந்த உரிமையைப் பயன்படுத்தலாம். ஆய்வு செய்பவர்கள் தயங்க வேண்டாம்.

வாய்மொழிப் பரீட்சையில் என் சிபாரிசைத்தான் துருவினார்கள். ஒரு மீற்றரை எத்தனை குடும்பம் பகிர்கிறது என்று கணக்கெடுப்பில் ஒரு கேள்வி சேர்த்து, நுகர்வை அதனால் வகுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். "எல்லோரும் பகிர்கிறோம் என்று சொன்னால்?" என்று கேட்டார்கள். ஒரே மீற்றர் இலக்கத்தைக் கொடுக்கும் விண்ணப்பங்களைக் கணினியில் ஒப்பிடலாம், சந்தேகம் வந்தால் கிராம உத்தியோகத்தர் நேரில் பார்க்கலாம் என்று பதில் சொன்னேன். அந்த ஒப்பீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு பந்தி சேர்க்கச் சொல்லி, சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் செயலகத்திலிருந்து இந்த முறை இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். என் குறிப்புக் கொப்பிகள் இப்போது அவர்களிடம்தான். வகுப்பு தொடங்க முன்பே புள்ளிவிவரக் கொப்பியை முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.