நனைஞ்சுதா?

"கால் நனைஞ்சிடுச்சுண்ணா" என்று சொன்னோம். சந்தோஷமாகத்தான் சொன்னோம். மாற்றுத்திறனாளிகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் நாங்கள். சென்னைக் கடற்கரையில் மரப்பாதை முடிந்த இடத்திலிருந்து ஈரமணல் வரை பலூன் டயர் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து வந்து, கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தோம். மூன்றாவது அலை நாற்காலியில் இருந்தவருடைய கணுக்கால் வரை ஏறி இறங்கியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நனைஞ்சுதா? நீ சொல்லித்தான் தம்பி தெரியுது" என்றார்.

முதுகுத்தண்டில் டி4 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் நாலாவது எலும்பு மட்டத்தில், காயம். மார்புக்காம்புக்குக் கீழே தொடு உணர்வு கிடையாது. எங்களுக்கு இது தெரியாததல்ல. நாற்காலியில் ஏற்றுமுன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். டி6, அதற்கு மேல் காயம் என்றால் சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிறுநீர் வடிகிற குழாய் மடங்கியிருந்தாலோ பை நிரம்பியிருந்தாலோ ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலைவலி, முகத்தில் வியர்வை என்று தொடங்கும். அப்படி ஆனால் உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, இறுக்கமானதைத் தளர்த்தி, முதலில் குழாயைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் டி4 என்ற குறிப்பு எங்களுக்குப் பயன்பட்டது. கால் நனைவது அவருக்கு எப்படியிருக்கும் என்று யோசிக்கப் பயன்படவில்லை.

அவர் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். "எனக்கு இதுக்கு மேலதான் இருக்கு. இங்க படட்டும்."

"அவ்வளவு தூரம் விடமாட்டாங்கண்ணா. ரூல்ஸ்."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது பொய்யில்லை. சென்னையில் கடலில் குளிக்கத் தடை உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு, இறங்கினால் போலீஸ் விசில் அடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு இருபக்கமும் இடுப்பளவுத் தண்ணீரில் ஐம்பது பேராவது நின்றிருந்தார்கள். விசில் சத்தம் கேட்டால் நாலடி பின்வாங்குவார்கள், போலீஸ் நகர்ந்ததும் மறுபடி இறங்குவார்கள். நடக்கிறவர் விதியைத் தானாகவே மீறிவிடலாம். இவர் மீற வேண்டுமானால் எங்களில் நாலு பேருடைய கை வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விதி, அன்றைக்கு முழுசாக அமலானது ஒரே ஒருவர் மேல்தான்.

உண்மையான காரணம் விதி இல்லை, டயர். அதை அவரிடம் சொல்லவில்லை.

பலூன் டயர் நாற்காலி மணலுக்கானது, கடலுக்கானது அல்ல. டயரில் காற்றழுத்தம் 3, 4 பி.எஸ்.ஐ.தான், காருக்கு 30 வைப்போம். அழுத்தம் குறைவாக இருப்பதால்தான் டயர் பரந்து உட்கார்ந்து, மணலில் புதையாமல் போகிறது. (பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயை இதில் வைக்கவே கூடாது. கைப்பம்பு, குறைந்த அழுத்தம் காட்டும் மானி, இரண்டும் கூடவே இருக்க வேண்டும். காலையில் சரியாக இருந்தது மதிய வெயிலில் பருத்துவிடும்.) 40 சென்டிமீட்டர் விட்டமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள டயர் ஒன்றுக்குள் சுமார் 20 லிட்டர் காற்று பிடிக்கும். நாலு டயரும் முழுகினால் சுமார் 80 கிலோவைக் கீழிருந்து தூக்கும். மிதவை கீழே, ஆள் மேலே. முழங்கால் ஆழம் தாண்டியதும் அது கவிழத்தான் பார்க்கும்.

கடலுக்குள் போகும் நாற்காலியின் அமைப்பே வேறு. பிரான்சில் செய்யும் டிராலோ போன்றவற்றில் மிதவை கைப்பிடி உயரத்தில் இருபக்கமும் இருக்கும். உட்கார்ந்தவர் தண்ணீருக்குள் தாழ்ந்து கிடப்பார். கிரீஸில் சீட்ராக் என்று தண்டவாளம் போட்டு, சூரிய மின்சாரத்தில், உட்கார்ந்தவரே ரிமோட்டை அழுத்திக் கடலில் இறங்குகிற ஏற்பாடு இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கமும் அலையும் குறைவு, அதனால் முடிகிறது. இங்கே கரையே ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடல் பக்க முனையைப் பிய்த்துப் போட்டது. அவ்வளவு நீளம் ஏன் தேவைப்பட்டது என்பதும் ஒரு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டியபிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. இப்படிப்பட்ட கரையில் தண்டவாளத்தை எங்கே நடுவது?

இவ்வளவும் தெரிந்தவர்கள் ஒற்றைச் சொல்லில் 'ரூல்ஸ்' என்று முடித்துவிட்டோம்.

பெல்ட் விஷயமும் இருந்தது. டி4 என்றால் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் வேலை செய்யாது. மணலில் போகும்போது நெஞ்சுப்பட்டை போடாவிட்டால் முன்னால் சாய்ந்துவிடுவார். தண்ணீரில் அதே பட்டை போட்டிருந்தால், நாற்காலி கவிழும்போது அவரும் அதோடு கீழே போவார். ஆகவே நீர்க்கோட்டைத் தொடுமுன் பெல்ட்டைக் கழற்றுவது வழக்கம். கழற்றியபின் ஒருவர் பின்னாலிருந்து தோளைப் பிடித்தே நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் இதை நேர்மாறாகச் செய்வார்கள், தண்ணீரைக் கண்டதும் பட்டையை இறுக்குவார்கள். கூடவே, திரும்பும் தண்ணீர் சக்கரத்துக்கு அடியிலிருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும். ஒரே இடத்தில் நாலைந்து அலை நின்றால் ஒரு பக்கம் குழி விழுந்து நாற்காலி சாயும். அலைக்குப் பக்கவாட்டில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

ஆக, நெஞ்சளவு முடியாது என்றது சரி. இப்போதும் சரியென்றே படுகிறது.

ஆனால் நாற்காலியில் வைத்து முடியாது என்பது மட்டும்தான் சரி. அது அன்று மாலையில்தான் உறைத்தது. நாற்காலியை விட்டு இறக்கி ஈரமணலில் உட்கார வைத்திருக்கலாம். ஒருவர் அக்குளுக்கடியில் கைகளை நுழைத்து அவருடைய முன்கைகளைக் குறுக்காகப் பிடிப்பது, இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் தூக்குவது. நாற்காலியில் ஏற்றும்போது செய்ததுதான். கீழே தடித்த ரப்பர் பாய், காலில் பழைய சாக்ஸ், முதுகுக்குப் பின்னால் ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்து நாற்காலி முதுகு மாதிரி தாங்கிக்கொள்வது. உட்கார்ந்தவருக்குக் கடல் நாலடி ஆழமாக வேண்டியதில்லை. முழங்கால் உயர அலை ஒன்று உடைந்து ஏறினாலே நெஞ்சுக்கு வந்துவிடும்.

சிப்பி கீறினால் அவருக்குத் தெரியாது, தெரியாத கீறல் புண்ணாகி மாதக்கணக்கில் படுக்க வைக்கும் என்பதும் உண்மை. உட்கார்ந்த இடத்தில் மணல் உராய்ந்தால் இடுப்புக்குக் கீழே தோல் உரியும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் கழுவி, குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பார்த்தாக வேண்டும். அதற்கு மறைவான இடமும் வேண்டும். அன்று மறைவு இல்லை, ரப்பர் பாய் இல்லை. இப்படிக் காரணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் நியாயமாகவும் இருக்கிறது. எதையும் அவர்முன் வைத்து, "இது ஆபத்து, இவ்வளவு ஆபத்து, என்ன சொல்றீங்கண்ணா?" என்று கேட்கவில்லை. தோல் அவருடையது. பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

கேட்டிருந்தால் "சரி, இறக்குங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

அப்புறம் நடந்தது சின்ன விஷயம். அவர் மனைவி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கிக் கடலை மொண்டு வந்தார். கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் ஊற்றினார். மூன்று பாட்டில். நாலாவதற்கு விசில் வந்துவிட்டது. அவர் உதட்டை நக்கிப் பார்த்து, "உப்பு" என்றார். எங்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. நாங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம், முறைப்படி.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதத்தில்தான் அந்த நாள் வந்து வாய்த்திருக்கிறது. கேமராக்கள் அப்போதுதான் வரும், கால் நனைகிற படமும் அப்போதுதான் எடுப்பார்கள். உண்மையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே, கடல்காற்று எழும்புமுன் வந்தால் இந்தக் கரையில் இன்னும் நிறையச் செய்யலாம். 2016-ஆம் வருஷச் சட்டம் பொழுதுபோக்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்குள் சேர்த்திருக்கிறது. எவ்வளவு ஆழம் வரைக்கும் என்று சட்டம் சொல்லாது.

நாற்காலிக்கு முன் பூர்த்தி செய்யும் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "கடல் எங்கே பட வேண்டும்?" பெரும்பாலானோர் கால் என்று எழுதுகிறார்கள். போன மாதம் ஒருவர் 'முகம்' என்று எழுதினார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, வழக்கம்போல ஈரமணல் வரை இழுத்துக்கொண்டு போனோம்.