கரியரில் ஏறியவர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில் நான் கதைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த காலம். வடமராட்சியில் படிப்பிக்கும் ஒரு மாஸ்ரர் பேய்க்கதை ஒன்று அனுப்பியிருந்தார். அச்சுவேலியில் ஒரு செத்தவீட்டில் சாமம் வரை கடுதாசி, அதாவது சீட்டு, விளையாடிவிட்டு, ஒருவர் சைக்கிளில் நெல்லியடிக்குத் திரும்புகிறார். நடுவில் வல்லை வெளி. அந்த வெளியை இரவில் கடந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். காற்றும் உப்புத் தண்ணியும் முனியப்பர் கோயிலும்தான். திடீரென்று கரியர் கனக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயம். "எங்கை இறங்கோணும்?" என்று கேட்கிறார். "நீங்கள் இறங்கிற இடத்திலைதான்" என்று பின்னாலிருந்து பதில் வருகிறது. வீட்டுக்கு வந்தால் மனைவி இரண்டு கோப்பையில் சோறு போட்டு வைத்திருக்கிறாள். "உங்களோடை வந்தவர் கை கழுவப் போட்டார்" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

சனிக்கிழமை பின்னேரம், பக்கம் முடியப்போகும் நேரத்தில், ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி வந்து சேர்ந்தது. இங்கே எந்த விளம்பரத்தைத் தள்ளினாலும் அதைத் தள்ள முடியாது. கதையில் பன்னிரண்டு வரி வெட்டினேன். கேள்வி பதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒருவரும் பேசாமல் சைக்கிள் மட்டும் ஓடும் வரிகள் அவை. செயின் கவரில் செயின் உரசும் சத்தம், இவருடைய மூச்சு, கூடிக்கொண்டே போகும் பாரம். 'ஒன்றும் நடக்காத இடம்தானே' என்று நினைத்தேன்.

அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. மேலே பேய் பகிடி விடுகிறது. கீழே மாலை போட்ட படம். அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

திங்கள் முழுக்கத் தொலைபேசி அடித்தது. வயிறு நோகச் சிரித்ததாகச் சிலர். ஒரு ஐயாவுக்குக் கோபம்: "ஒண்டில் பயப்படுத்துங்கோ, இல்லாட்டிச் சிரிக்க வையுங்கோ. ரெண்டும் கெட்டானாய்க் கிடக்கு." பிறகு ஒரு அம்மா. சிரித்தாவா, ஏசினாவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "எங்கடை ஆள் 2009இல் போனவர், தம்பி. அவர் வந்து கரியரில் ஏறினால் நான் இறக்கமாட்டன்."

எங்கள் புரூப் பார்க்கும் ஐயா இளைப்பாறிய தமிழ் ஆசிரியர். அவரிடம் புலம்பினால் தொல்காப்பியம் வரும், உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடாக வகுக்கும் இடம். "எட்டு மெய்ப்பாட்டில் நகை முதலாவது, அச்சம் ஐந்தாவது. தனித்தனியாய்ச் சொன்னதுக்காக ஒண்டுக்கொண்டு பகையோ?" என்றார். கலிங்கப் போரைப் பாடும் கலிங்கத்துப்பரணிக்கும் போனார். போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சும் இடத்தில் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் பந்தியில் இருக்கும். பிணக் குவியலுக்கு நடுவில்தான் அத்தனை பகிடியும். செத்தவீட்டு முற்றத்தில் கடுதாசி விளையாடிச் சிரிக்கிற ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை என்பது அவர் கட்சி.

நான் அவரோடு பாதிதான் ஒத்துப்போனேன். பரணியில் சிரிக்கிறவர்கள் செத்தவர்களின் வீட்டாட்கள் இல்லை. செத்தவீட்டிலும் சிரிப்பு முற்றத்தோடு நிற்கும், உள்ளே போகாது. நான் செய்தது, முற்றத்துப் பகிடியைக் கொண்டுபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தது. அதற்கு மாஸ்ரர் பொறுப்பில்லை.

கோபப்பட்ட ஐயாவின் முறைப்பாட்டில் வேறொரு உண்மையும் இருந்தது. தேநீர் நேரம் அச்சுப் பகுதிப் பெடியளுக்கு வெட்டாத பிரதியை வாசித்துக் காட்டினேன். "நீங்கள் இறங்கிற இடத்திலைதான்" என்றதும் சிரித்தார்கள். செயின் சத்தம் தொடங்கியது. ஏழாவது எட்டாவது வரியில் ஒருவன் ரோல்ஸைக் கடித்தபடியே மெல்லுவதை நிறுத்தினான். இரண்டு கோப்பை வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அச்சிட்ட கதையில் ஒரு பகிடியின் முதுகில் இன்னொரு பகிடி ஏறியிருந்தது. பயம் வந்து உட்கார நான் இடம் விடவில்லை.

மாஸ்ரருக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பன்னிரண்டு வரிக்குத்தான் எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

புதன்கிழமை இன்னொரு அழைப்பு. சின்னப் பிள்ளைக் குரல், பின்னால் அம்மம்மா சொல்லிக் கொடுக்கும் சத்தமும் கேட்டது. "அங்கிள், அந்த ரெண்டாவது கோப்பையை ஆர் கழுவினது?"

மாஸ்ரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். இன்னும் கேட்கவில்லை.